அரிசி வாங்குமுன் எடுத்து வைத்தது

அந்தக் கூட்டத்தில் முதலில் பேசப்பட்டது கட்லட்டைப் பற்றித்தான். உள்ளே இருப்பது மீனா மரவள்ளியா என்று ஒருவர் கேட்டார். மீன் என்றதும் இரண்டாக எடுத்துக்கொண்டார். ஒரு பெண் தன் கையில் கிடைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தது துரோகமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் அவர்கள். கற்பிட்டிப் பாதையில், கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கமாக உள்ளே போகும் ஒரு கிராமத்தில், அவளுடைய கணவனின் அண்ணன் வீட்டு முன்கூடத்தில் கூடியிருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். நான் அவளுடைய சட்டத்தரணி. எனக்கு அங்கே கதிரை போடவில்லை.

"மிஸ், நீங்க உள்ளுக்கு பொம்புளையளோட இரிங்க. அதுதான் உங்களுக்கும் மரியாத" என்றார் அந்த வீட்டுக்காரர்.

குசினிக்குள் போய் உட்கார்ந்தேன். அடுப்பில் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. குசினிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை. அந்தத் திரையோடு ஒட்டினாற்போல என் கட்சிக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. அவள் முஸ்லிம் பெண்கள் மேலே அணியும் ஹபாயா தைப்பவள். அவளுடைய தையல் மெஷினும் அதே வீட்டில்தான் இருந்தது, கழிவறைக்குப் போகும் வழியில், ஒரு பழைய சாரத் துணியால் மூடப்பட்டு. கணவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் வீட்டில் பூட்டி வைத்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் புத்தளத்தில் குடும்ப வழக்குகள் பார்க்கிறேன். மனைவி பிள்ளைகளுக்கான தாபரிப்புப் பணம், விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு, அடிபடும் பெண்களுக்கான பாதுகாப்புக் கட்டளை. நிலப் பத்திரமான காணி உறுதியும் எழுதுவேன். தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு ஆறு வயது. அகதி முகாமிலிருந்து படித்து வந்தவள் என்று மேடையில் அறிமுகப்படுத்துவார்கள். அந்த அறிமுகமும் எனக்குப் பிடிப்பதில்லை, அதைக் கேட்டுக் கண்ணைத் துடைப்பவர்களையும் பிடிப்பதில்லை.

பணம் கையில் வந்தால் முதலில் ஒரு பங்கை எடுத்து வைப்பது என் பழக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் பள்ளிவாசல்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தாபரிப்பு வழக்குக்கு வந்தாள். பலமான வழக்கு. தோற்கவே காரணமில்லை. ஆனால் வழக்குத் தவணைக்கு வர அவளிடம் பஸ் காசு இல்லை. யாரை எதிர்த்து வழக்குப் போட்டாளோ அந்த மனிதனிடமே போய், கோட்டுக்குப் போகக் காசு கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறான். மூன்றாம் தடவை கொடுக்கவில்லை. அவள் வரவில்லை, வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. மாலையில் சந்தைக்கு முன்னால் அவனைக் கண்டேன். சலாம் சொன்னான்.

அன்றைக்குப் பிறகு நான் கவனித்துக்கொண்டே வந்தேன். என் அலுவலகப் படியேறும் பெண்களில் கடைசிவரை நின்று வென்றவர்கள் நியாயம் கூடுதலாக இருந்தவர்கள் அல்லர். எங்கேயோ, யாருக்கும் தெரியாமல், தங்கள் பேரில் கொஞ்சம் வைத்திருந்தவர்கள். அதனால் ஃபீஸ் வந்த அன்றே, அரிசிக்கும் மீனுக்கும் கரண்ட் பில்லுக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் முன்னால், ஒரு பங்கை வேறு கணக்குக்கு அனுப்பிவிடுவேன். மிச்சம்தான் அந்த மாதம். அதற்குள் குடும்பத்தை நடத்து என்று எனக்கே உத்தரவு போட்டுக்கொள்வேன். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று பார்த்திருந்த மாதங்களில் ஒன்றில்கூட எதுவும் மிஞ்சியதில்லை. வருகிற பெண்களிடமும் இதைச் சொல்வேன். கூடவேலை செய்கிற சட்டத்தரணிகள் என்னைச் சேமிப்பு வங்கி என்று கேலி செய்வார்கள்.

ஹபாயா தைப்பவளுக்கு நான் இதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் முதன்முதலில் என்னிடம் வந்தது வழக்குக்காக அல்ல, ஒரு காணி உறுதி எழுத. கிராமத்தின் கடைசியில், வெங்காயத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு துண்டுக் காணி. மணல் நிலம். ஒரு கிணறு வெட்டலாம், ஒரு அறை கட்டலாம், அவ்வளவுதான்.

"மிஸ், என்ட பேருக்கு மட்டும் எழுத ஏலுமா?" என்று கேட்டாள்.

"ஏலும். ஏன் ஏலாது?"

"புருசன் வந்து கையெழுத்து வைக்கத் தேவல்லியா?"

"காசு யார்ட?"

"என்ட. தச்சது கொஞ்சம். ஊட்டுச் செலவுக்கு அவர் தாறதுல அரிசி வாங்க முந்தி எடுத்து வச்சது கொஞ்சம்."

"அவருக்குத் தெரியுமா?"

"கேட்டா சொல்லுவன். கேக்கல்ல."

உறுதியை எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி ஹபாயாவுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவளுடைய கணவன் ஒரு படகில் பங்கு வைத்து மீன் தொழிலுக்குப் போகிறவன். கை நிறைய வரும் நாட்களில் கை நிறையச் செலவழிப்பான், மற்ற நாட்களில் மனைவியை ஏசுவான். ஊரில் அவனுக்குக் கெட்ட பேர் இல்லை. குடிக்கமாட்டான், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்வரிசையில் நிற்பான்.

காணிக்கு அவள் வேலி போட்ட பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. கடற்கரையில் யாரோ, "காணி வாங்கிட்டீங்களாமே, சொல்லவே இல்ல" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு முன்னால் "ஓம் ஓம், சின்னத் துண்டுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவளை அடித்தான். மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். காணியைத் தன் பேருக்கு மாற்றி எழுது, இல்லாவிட்டால் தலாக் என்றான். அவள் எழுதமாட்டேன் என்றாள். அதனால்தான் அந்தக் கூட்டம், அந்தக் கட்லட்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த ஒரு பெரியவர்தான் பேச்சைத் தொடங்கினார். குரல் பஞ்சுபோல இருந்தது.

"தங்கச்சி, நாங்க உங்களக் குத்தம் சொல்ல வரல்ல. ஒரே ஒரு கேள்விதான். புருசன்ட சல்லியில எடுத்து வச்சீங்களா, இல்லியா?"

"எடுத்து வச்சன்" என்றாள் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"அவருக்குத் தெரியாம?"

"அவர் கேக்கல்ல."

"கேக்காட்டிச் சொல்லத் தேவல்லியா?"

"நான் தச்ச சல்லியும் அதுல இரிக்கி."

இப்போது கணவனின் அண்ணன் பேசினார். "தச்சது யார்ட ஊட்டுல? யார்ட கரண்டுல?"

யாரோ சிரித்தார்கள். நல்ல பதில் என்பதற்கான சிரிப்பு. எத்தனையோ மோசமான வார்த்தைகளை நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் கோபத்தில் வருபவை. இந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. வாயில் கட்லட்டோடு, ஆறுதலாக, திருப்தியாகச் சிரித்தார்கள்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மண்ணெண்ண இல்லாம போட் கரையில கெடந்த மாசங்கள்ல மூணு நேரமும் சோறு தின்னாரு. அது எங்கால வந்த எண்டு கேட்டாரா, கேளுங்க."

அந்த மாதங்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நாடு முழுக்க எரிபொருள் இல்லாமல், எண்ணெய் வரிசையில் ஆட்கள் இரவு பகலாக நின்ற காலம். மீனவர் குடில்களான வாடிகளில் கருவாடு காயவில்லை, காயப்போட மீன் இல்லை. அந்தக் கிராமத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். அவளுடைய வீட்டில் அடுப்பு எரிந்தது. எடுத்து வைத்ததிலிருந்து அவள் எடுத்துச் செலவழித்தாள். காணி வாங்க நினைத்த வருடத்தில் அரிசி வாங்கினாள். பிறகு மறுபடி முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது பெருமையாகச் சொல்லவில்லை. காணி ஏன் பிந்தியது என்பதற்கு விளக்கமாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

பெரியவர் கணவனிடம் கேட்டார். "தம்பி, என்ன சொல்றீங்க?"

"அல்லாஹ் குடுத்த எண்டு நெனச்சன்" என்றான் கணவன்.

"பாத்தீங்களா, மனுசன்ட ஈமான்" என்று அவனுடைய இறைநம்பிக்கையை மெச்சினார் பெரியவர். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அல்லாஹ் கொடுத்தான் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அவள் கையால் கொடுத்தான். அதைச் சொல்ல அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்துப் பேசியது அவளுடைய சொந்த நானா, கூடப்பிறந்த அண்ணன். அவர் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "என்ட தங்கச்சி புத்தியில்லாமச் செஞ்சிட்டா. காணிய மச்சான்ட பேருக்கு எழுதித் தருவா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

என் பக்கத்தில், அடுப்புக்கு முன்னால், அவளுடைய உம்மா உட்கார்ந்திருந்தார். மகளின் முழங்காலில் கை வைத்து மெதுவாகச் சொன்னார். "குடுத்துடு மகள். காணிக்கு என்ன, போனாப் போகட்டும். புருசன் இல்லாட்டி ஊருல எப்பிடி முகம் காட்டுற?"

அவள் உம்மாவின் கையை எடுத்துக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எழுந்து திரையை விலக்கினேன்.

"காணி இவட பேருல இரிக்கி. இவ கையெழுத்து வைக்காம யாரும் மாத்த ஏலா. இதுக்கு நானாவும் பொறுப்பு எடுக்க ஏலா, நிர்வாகமும் எடுக்க ஏலா. மெஷினத் திருப்பிக் குடுங்க. அடிச்சதுக்குப் பொலிசுல முறைப்பாடு இரிக்கி" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மிஸ், நீங்க படிச்சவங்க. குடும்பத்தச் சேத்து வைக்கப் பாருங்க. பிரிச்சா உங்களுக்கு ஃபீஸ் வரும். அது எங்களுக்கும் தெரியும்."

நாங்கள் இருவரும் பின்வாசலால் வெளியே வந்தோம். முன்வாசல் முழுக்க அவர்களின் செருப்புக் கிடந்தது. திரும்பி வரும்போது என் ஹபாயாவில் பொரித்த எண்ணெய் வாடை வீசியது. அதைத் துவைத்து, உலர்த்தி, மறுபடி துவைத்தேன். அதற்குப் பிறகு வெகுகாலம் யார் வீட்டிலும் கட்லட் வைத்தால் நான் எடுப்பதில்லை.

நானாவுக்கு என்ன அக்கறை என்பது சில நாட்களில் தெரிய வந்தது. கத்தாருக்குப் போக அவர் ஏஜென்சிக்குக் கட்டவேண்டிய பணத்தை அவளுடைய கணவனின் அண்ணன் தருவதாகச் சொல்லியிருந்தார், காணி கைமாறினால். தங்கையின் மணல் துண்டுக்கு ஒரு விமான டிக்கட். உம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது.

அது தெரிந்த அன்று, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் தேநீர் குடிக்கும்போது என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன், பேர் ஊர் சொல்லாமல். அவர் கணித ஆசிரியர். என் மீது ஒருநாளும் கை ஓங்கியதில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார், கடைக்குப் போவார், என் வேலையைப் பற்றி வெளியே பெருமையாகத்தான் பேசுவார்.

"அந்த மனுசன் செஞ்சது பெரிய பிழ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்டு. பொண்டாட்டி தனியாச் சேத்து வச்சிருக்கிறா எண்டு வெளியாள் சொல்லித் தெரியவந்தா யாருக்கும் நோகும்தானே" என்றார்.

"நொந்தா அடிக்கிறதா?"

"அடிக்கிறதச் சொல்லல்ல. நோகும் எண்டுதான் சொல்றன்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "உங்களுக்கும் அப்பிடிச் சேத்து வச்சது இரிக்கா?"

நான் தனிக் கணக்கு வைத்திருப்பது அவருக்குத் தெரியும். அதில் எவ்வளவு இருக்கிறது, ஒவ்வொரு ஃபீஸிலும் முதலில் அதற்குத்தான் போகிறது என்பது தெரியாது. அவர் கேட்டதில்லை.

"ஓம், இரிக்கி" என்றேன். எவ்வளவு என்றும் சொன்னேன். பொய் சொல்ல எனக்குக் காரணம் இருக்கவில்லை.

அவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாட்கள் தேவைக்கு மட்டும் கதைத்தார். அவருக்கு உண்மையிலேயே நொந்துவிட்டது என்று நினைத்து எனக்கும் கஷ்டமாக இருந்தது. எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்தேன். இந்தப் பணம் அவரை விட்டுப் போவதற்கானது அல்ல, யாரிடமும் பஸ் காசு கேட்டு நிற்காமல் இருப்பதற்கானது என்று சொல்ல நினைத்தேன். நான்காம் நாள் காலையில் பாண் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் வைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேச்சைத் தொடங்கினார். குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை.

"நான் யோசிச்சுப் பாத்தன். அந்தச் சல்லி சும்மாதானே கெடக்குது. தம்பிட ஊட்டுக்குக் கூரை போடுவமா? அவன் பாவம், மழையில ஒழுகுது."

சம்பல் கரண்டியைக் கீழே வைத்தேன். மூன்று நாள் நோவு. நான்காம் நாள் திட்டம். அந்தக் கூடத்துச் சிரிப்பு என் குசினிக்குள்ளும் வந்துவிட்டதுபோல இருந்தது. இவர் நல்ல மனிதர் என்பதால் அருவருப்பு குறையவில்லை, இன்னும் கூடியது. கெட்டவனிடமிருந்து வந்தால் ஒதுங்கிப் போகலாம். இவரோடுதான் நான் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும்.

"தம்பிக்கு மாசச் செலவுல இருந்து நாம ரெண்டு பேரும் உதவுவம். அந்தச் சல்லியத் தொட ஏலா" என்றேன்.

"அப்ப அது யாருக்கு?"

"எனக்கு. பிள்ளைகளுக்கு. உங்களுக்கு ஒரு நோய் எண்டா உங்களுக்கு. கூரைக்கு இல்ல."

தம்பி வீட்டுக் கூரைக்கு மாதா மாதம் கொஞ்சமாக உதவினோம், அது போடப்பட்டது. இன்றைக்கும் மீன்காரன் வந்து பெரிய பாரை மீனைக் காட்டினால் என் கணவர், "மெடம்ட வங்கியில கேளுங்க" என்பார். பகிடியாகத்தான் சொல்வார். நானும் சிரிப்பேன். ஆனால் அன்றிலிருந்து ஃபீஸ் வந்த நாளில் அவருக்கு முன்னாலேயே, சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, முதல் பங்கை அனுப்புகிறேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இதற்கிடையில் ஹபாயா தைப்பவளின் கணவன் தலாக் கொடுக்க விண்ணப்பித்துவிட்டான். முஸ்லிம் விவாகங்களைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. அதனால் ஒவ்வொரு தவணைக்கும் அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் படித்த சட்டமெல்லாம் அந்தக் கதிரையில் என்னோடு சும்மா உட்கார்ந்திருந்தது. காதியார் கெட்டவர் அல்லர், களைத்த மனிதர். பிள்ளைகள் இருவருக்கும் தாபரிப்புக் கட்டளை போட்டார். அவன் தொழில் இல்லை என்றான். தொழில் இல்லாதவன் வந்தது புது மோட்டார் சைக்கிளில்.

மெஷினை நீதவான் நீதிமன்றத்துக் கட்டளையோடு பொலிஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தோம். ஊசிப் பக்கம் உடைந்திருந்தது. அண்ணன் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, "நாங்க எங்கட புருசன்மார்ட ஒரு சதம் ஒளிச்சதில்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

ஒளித்தது என்ற அந்தச் சொல்தான் பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்கும் வந்தது. காணி தன்னுடைய பணத்தில் வாங்கப்பட்டது, அவள் பேரில் இருந்தாலும் தனக்கே உரியது என்று அவன் வழக்குப் போட்டிருந்தான். அவளுடைய சாட்சி நாள் வந்தது. நீதிமன்றம் சிங்களத்தில் நடக்கும், அவளுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்: வீட்டுச் செலவுக்குக் கணவர் தந்த பணத்தை என்ன செய்தீர்கள்?

"முதல்ல கொஞ்சம் எடுத்து வச்சிட்டு, மிச்சத்துல செலவு செஞ்சன்" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில், கொஞ்சத்தை ஒளித்துவிட்டு மீதியைச் செலவழித்தேன் என்று சொன்னார். வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டிருக்கிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"சாட்சி ஒளித்ததாகச் சொல்லவில்லை. எடுத்து வைத்ததாகச் சொன்னார். இரண்டும் வேறு" என்று நீதிபதியிடம் சொன்னேன்.

நீதிபதி ஒரு பெண். பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்து, எங்கே எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டார்.

"வங்கியில" என்றாள்.

"யார் பேரில்?"

"என்ட பேருல."

"அதிலிருந்து முன்பு ஏதாவது செலவழித்தீர்களா?"

"ஓம். போட் போகாத காலத்துல சாப்பாட்டுக்கு. அவரும்தான் சாப்பிட்டார்."

நீதிபதி பதிவைத் திருத்தச் சொன்னார். அந்த ஒரு சொல் மாறியதைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

அன்று பகல் நடையோரத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னிடம் வந்தார். கூடப் படித்தவர்தான். "மெடம், என்னத்துக்கு இழுத்தடிக்கிற? வித்துப் பாதிக்குப் பாதி முடிப்பம். அவங்களும் பிழைச்சிப் போகட்டும், நம்மட ஃபீஸும் வந்திடும்" என்றார். வெற்றிலைச் சாறு ஒதுக்கிய வாயோடு, அவள் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்ததை அப்படியே பாதியாக வெட்டிவிட்டார். நான் ஏலாது என்றேன். "நீங்க எப்பவும் இப்பிடித்தான்" என்றார், என் பிடிவாதம் ஏதோ ஒரு தோல் நோய் என்பதுபோல.

வழக்கை நாங்கள் வென்றோம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். வெல்லவில்லை. ஒருநாள் அதே சட்டத்தரணி சிரித்துக்கொண்டு வந்து, "எங்கட ஆள் வாபஸ் எடுக்கிறார். உங்களுக்கு நல்ல காலம்" என்றார்.

"ஏன், என்ன நடந்த?"

"சிலாபம் பக்கத்துல கல்யாணம் சரிவந்திருக்கி. பொண்ட வாப்பா, கோட்டுல கேஸ் ஒண்டும் இரிக்கப்படாது எண்டு சொல்லிட்டாராம். கைக்கூலி, சீதனமெல்லாம் நல்லாக் குடுக்கிறாங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "புள்ளைக்கு வேல இரிக்கி. சல்லி சேத்து வைக்கிற புள்ளையாம். அவரே சொல்லிச் சந்தோசப்படுறார்."

எதற்காக ஒருத்தியை அடித்து, ஊர்கூட்டி, கூண்டில் ஏற்றினானோ, அதையே இன்னொருத்தியின் பவிசாகச் சொல்லிச் சந்தோஷப்படுகிறான். கல்யாணத்துக்கு முன்னால் சேர்த்தால் குணம். பின்னால் சேர்த்தால் களவு.

என் கட்சிக்காரியிடம் சொன்னேன். காணி அவளுடையதுதான், இனி யாரும் கேட்கமுடியாது என்றதற்குத் தலையாட்டினாள். பிறகு அவனுடைய புதுக் கல்யாணத்தையும் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு யாராவது சொல்லணும் மிஸ்" என்றாள். பிறகு அவளே, "நான் சொன்னா பொறாம எண்டுவாங்க" என்றாள். அத்தோடு அதை விட்டுவிட்டாள்.

தாபரிப்பு இரண்டு மாதம் வந்து நின்றுபோனது. நீதவான் நீதிமன்றம்வரை போய்ப் பிடியாணை எடுத்தோம். பிடியாணை வந்த அன்று முழுப் பணத்தையும் கொண்டுவந்து கட்டினான். முந்தின நாள்வரை அவனிடம் ஒரு சதமும் இருக்கவில்லை என்று சத்தியம் செய்தவன். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. பிடியாணை என்றால் பணம், இல்லாவிட்டால் தொழில் இல்லை.

அவள் காணியில் ஒரு அறையும் ஒரு குசினியும் கட்டினாள். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகல், கற்பிட்டியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் அங்கே இறங்கினேன். வெங்காயம் பிடுங்கிய பாத்திகளுக்கு அப்பால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் அவளுடைய உம்மா பாயில் படுத்திருந்தார். நாலைந்து மாதமாக அங்கேதான் இருக்கிறாராம். மகன் வீட்டில் மருமகளோடு ஒத்துவரவில்லை. நானாவும் வந்திருந்தார். கத்தார் சரிவரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சாப்பாட்டுக்கு இங்கே வருகிறார். அவர் முன்னால் சோறு, பருப்பு, கணவாய்க் கறி.

குசினிக்குள் போய் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "இவங்களையா வச்சிச் சாப்பாடு போடுறீங்க?"

"எங்க போவாங்க மிஸ்" என்றாள். குரலில் அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. "உம்மாக்கும் சேத்துத்தான் இப்ப மாசக் கணக்குப் போடுறன். முதல்ல எடுத்து வைக்கிறது அப்பிடியே இரிக்கி. அதத் தொடுறதில்ல."

என்னால் அப்படி இருக்க முடியாது. அந்த உம்மா என்னைப் பார்த்து, "என்ட மகளுக்கு நீங்கதான் மிஸ் எல்லாம் செஞ்சு குடுத்த" என்று கையைப் பிடித்தபோது, கையை உதறிக்கொள்ளாமல் இருப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

நான் புறப்பட்டபோது நானா கை கழுவிவிட்டு வேலிப் படலைவரை கூடவே வந்தார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"மிஸ், ஒரு சின்ன விசயம் கேக்கணும்."

"கேளுங்க."

"இந்தக் காணிய வங்கியில வச்சி லோன் எடுக்க ஏலுமா? ஒரு த்ரீவீல் எடுக்கலாம் எண்டு பாக்கிறன். தங்கச்சிக்கும் ஒரு வருமானம்தானே."

"காணிக்காரிக்கிட்ட கேளுங்க" என்றேன்.

"அவ நீங்க சொன்னாக் கேப்பா."

நான் பதில் சொல்லுமுன் குசினி ஜன்னலிலிருந்து அவளுடைய குரல் வந்தது. அவர் பேசியது அவ்வளவும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"நானா, சாப்பிட்டு முடிஞ்சா சோத்துக் கோப்பையக் கழுவி வச்சிட்டுப் போங்க."

அவர் என் முகத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.